கோர்பச்சேவ் ஏன் பீட்சா விளம்பரத்தில் நடித்தார்?

அடுத்த கேள்வி. கோர்பச்சேவின் முதுமைக் காலத்தை வைத்து விதாலி மான்ஸ்கி 2020-இல் எடுத்த ஆவணப்படத்தைப் பற்றிப் போன வீடியோவில் பேசினேன். அதைப் பார்த்த ஒருவர் கேட்கிறார்: "சோவியத் யூனியனையே ஆண்டவர் பீட்சா விளம்பரத்தில் நடித்தாராமே, சாப்பாட்டுக்கே வழியில்லாமல் போய்விட்டதா? படத்தில் வரும் அந்த வீடாவது அவருடையதுதானா?"

நடித்தது உண்மைதான். 1997-இல், பீட்சா ஹட்டுக்காக. ஆனால் சாப்பாட்டுக்கு வழியில்லை என்பது சரியில்லை.

1991 டிசம்பர் 25-ஆம் தேதி பதவி விலகினார். மாதம் 4,000 ரூபிள் ஓய்வூதியம் என்று முடிவானது. ஒரு வாரம்தான் ஆகியிருக்கும், புது ரஷ்ய அரசு விலைக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டது. விலைவாசி எகிறியது, ஓய்வூதியம் மட்டும் அதே 4,000-இல் நின்றது. இரண்டு மூன்று வருஷத்தில் அதன் மதிப்பு சுமார் இரண்டு டாலர். ஏழையாகிவிட்டார் என்ற பேச்சு இங்கிருந்து வந்ததுதான். ஆனால் அந்தப் பணத்தை நம்பி அவர் உட்கார்ந்திருக்கவில்லை. வெளிநாடுகளில் சொற்பொழிவு, புத்தகம் என்று நன்றாகவே சம்பாதித்தார்.

செலவு வைத்தது அவருடைய அறக்கட்டளை. பதவி விலகியபோது மாஸ்கோவில் ஒரு பெரிய கட்டடத்தை அதற்கென்று கொடுத்தார்கள். புது ரஷ்யாவின் அதிபர் யெல்ட்சினை இவர் வெளிப்படையாக விமர்சிக்க ஆரம்பித்தார். 1992 அக்டோபரில் கட்டடம் கையைவிட்டுப் போனது, அதில் ஒரு பகுதியை வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். ஆட்களுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும், அரசிடம் கை நீட்ட முடியாது. அப்புறம் என்ன செய்வது? அதற்குத்தான் இந்த விளம்பரம். (தனக்குக் கிடைத்த நோபல் பரிசுப் பணத்தில் ஒரு பகுதியையும் 1993-இல் தொடங்கிய நோவயா கெஸட்டா பத்திரிகைக்குக் கம்ப்யூட்டர் வாங்கக் கொடுத்திருந்தார்.)

அந்த விளம்பரத்தைத் தேடிப் பாருங்கள், ஒரு நிமிஷம்தான். கோர்பச்சேவ் பேத்தியோடு வந்து ஓர் ஓரமாக உட்காருகிறார். பக்கத்து மேஜையில் சண்டை. இவரால்தான் பொருளாதாரம் குழம்பியது என்கிறார் பெரியவர், இவரால்தான் வாய்ப்பு வந்தது என்கிறான் இளைஞன். ஒரு பாட்டி குறுக்கே வந்து, இவரால்தானே பீட்சா ஹட்டும் வந்தது என்று சண்டையை முடிக்கிறார். கோர்பச்சேவ் ஒரு வாய்கூடச் சாப்பிடுவதில்லை, கவனித்தீர்களா? கேமரா முன்னால் சாப்பிட மாட்டேன் என்று மறுத்துவிட்டார், பேத்திதான் சாப்பிட்டார். எனக்கு அந்த விளம்பரத்தில் பிடித்ததே அந்தப் பிடிவாதம்தான். இன்னொன்று, இது ரஷ்யாவில் ஒளிபரப்பாகவில்லை. வெளிநாட்டுக்காரர்கள் பார்க்க எடுத்தது. உள்ளூரில் அவருக்கு இருந்த மதிப்பு வேறு: 1996 அதிபர் தேர்தலில் நின்று வாங்கிய ஓட்டு அரை சதவீதம்தான்.

சரி, வீடு. மாஸ்கோவுக்கு வெளியே இருக்கிற அந்த வீடு அவருடையது இல்லை, அரசாங்கத்தது. உயிரோடு இருக்கும்வரை இருந்துகொள்ளலாம், அவ்வளவுதான். மனைவி ரைசா 1999-லேயே ரத்தப் புற்றுநோயில் போய்விட்டார். படத்தில் பார்த்திருப்பீர்கள், வாக்கரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடக்கிறார், சுவரில் ரைசாவின் படம். 2022 ஆகஸ்டில் அவர் இறந்ததும் ரைசாவுக்குப் பக்கத்திலேயே, நோவதேவிச்சி கல்லறையில் அடக்கம் செய்தார்கள்.