காலைப் பிடித்திருப்பவர்

நேயர்களுக்கு வணக்கம்.

பெங்களூரில் அல்சூர், ஃப்ரேசர் டவுன், விவேக் நகர், லிங்கராஜபுரம் பக்கம் நாய் வளர்க்கிறவர்களுக்கு நான் சொல்லப்போகிற ஆளைத் தெரிந்திருக்கும். நாயைத் தூக்கிக்கொண்டு க்ளினிக்குக்கு ஓடுகிறீர்கள். டாக்டர் கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ ஏதோ சொல்கிறார். பக்கத்தில் நிற்கிற ஒருவர், "பயப்படாதீங்கம்மா, தலையை மட்டும் தடவிட்டே இருங்க" என்று தமிழில் சொல்கிறார். சம்பளப் பட்டியலில் அவர் உதவியாளர். நாம் கம்பவுண்டர் என்போம். டாக்டர் 'தம்பி' என்று கூப்பிடுவார். கால்நடை மருத்துவத்தில் இருப்பவர்களின் மனநலம் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். டாக்டர்களுக்கும் வருகிறேன், ஆனால் இந்தத் தம்பியிடமிருந்துதான் தொடங்கப் போகிறேன்.

அவர் வேலை காலைப் பிடிப்பது. நம் பேச்சில் காலைப் பிடிப்பது என்றால் கெஞ்சுவது. இங்கே நிஜமாகவே முன்னங்கால். ஒரு கை நாயின் கழுத்தைச் சுற்றி அணைத்திருக்கும். இன்னொரு கை முழங்கைக்குப் பின்னாலிருந்து காலை முன்னே நீட்டிப் பிடிக்கும். கட்டைவிரல் மேலே குறுக்காக அழுத்தும், நரம்பு புடைத்து வரும். டாக்டர் ஊசியை ஏற்றுவார், ரத்தம் எட்டிப்பார்க்கும், "விடு" என்பார். தம்பி கட்டைவிரலை எடுத்துவிடுவார். அதன் பிறகுதான் மருந்து உள்ளே போகும்.

சாதாரண ஊசி என்றால் இதில் ஒன்றுமில்லை. ஆனால் பிழைக்க வழியில்லாத நாய்க்குக் கடைசி ஊசி போடும்போதும் இதே விரல்தான். நாயின் நெஞ்சு அவருடைய முழங்கையோடு ஒட்டியிருக்கிறது. துடிப்பு நிற்பது ஸ்டெதஸ்கோப்புக்குத் தெரிவதற்கு முன்னால் அந்தக் கைக்குத் தெரிந்துவிடும். 'நான் விரலை எடுத்தேன், அது போய்விட்டது' என்று மனசு கணக்குப் போட்டுவிடுகிறது. முடிவெடுத்தவர் வேறு, மருந்தைச் செலுத்தியவர் வேறு என்றாலும் பழியை விரல் ஏற்றுக்கொள்கிறது.

இதற்கு அறிவுரை வேண்டாம், வேலை முறையை மாற்றினால் போதும். முதலில் தசையில் ஒரு மயக்க ஊசி. பத்துப் பதினைந்து நிமிடம் பொறுத்தால் நாய் அமைதியாகிவிடும். அதற்குள் நரம்பில் கேனுலாவை, அதாவது உள்ளேயே நிற்கிற சின்ன பிளாஸ்டிக் குழாயை ஏற்றி, நீளமான குழாயையும் இணைத்துவிட வேண்டும். கடைசி மருந்து அந்தக் குழாய் வழியாகப் போகட்டும். அப்போது யாரும் காலைப் பிடிக்க வேண்டியதில்லை, "விடு" என்ற சொல்லும் வராது. தம்பி நாயின் தலைமாட்டில் நிற்கலாம், வளர்த்தவரும் நிற்கலாம். கேனுலா பெரிய செலவில்லை. நேரம்தான் செலவு. அந்தக் கால் மணி நேரத்தைத்தான் பல இடங்களில் மிச்சம் பிடிக்கிறார்கள்.

அடுத்தது ஒரு வார்த்தை. இதைச் சொல்லாமல் நான் நகரமாட்டேன். 'தூங்க வைக்கிறது.' பல்லைச் சுத்தம் செய்ய, எலும்பை நிமிர்த்த மயக்கம் கொடுத்தாலும் நம் ஆட்கள் "தூங்க வைக்கணும்" என்பார்கள். உயிர் போக ஊசி போட்டாலும் "தூங்க வச்சிடலாம்" என்பார்கள். பல்லுக்காக வந்த அம்மா அந்த வார்த்தையைக் கேட்டு நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுவதும் உண்டு. அதைவிடக் கொடுமை மற்றது. படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, எல்லாம் முடிந்தபின், "எப்ப முழிக்கும் தம்பி?" என்று கேட்பார்கள். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர் யார்? டாக்டருக்குத் தமிழ் தெரியாது. ஆகவே தம்பி.

பெங்களூரின் தனிச் சங்கடம் இது. மொழிபெயர்க்கத்தான் நிறுத்தி வைக்கிறோம், ஆனால் சாவைச் சொல்கிறவராக அவர் மாறிவிடுகிறார். "டாக்டர் சொல்றார்" என்று தொடங்குகிறவர் இரண்டாவது வாக்கியத்தில் "இனிமே முடியாதும்மா" என்று தன் வாயாலேயே சொல்ல நேர்கிறது. கேட்கிறவர்கள் கோபத்தையும் அழுகையையும் தங்கள் மொழி பேசுகிறவர் மீதுதான் கொட்டுவார்கள்.

ஆகவே, க்ளினிக் நடத்துகிறவர்களே, நாலு வாக்கியங்களைத் தமிழில் அட்டையில் எழுதி அறையின் உள்சுவரில் ஒட்டுங்கள். இது உயிர் போகிற ஊசி. வலி இருக்காது. திரும்ப எழுந்திருக்காது. உங்களுக்குச் சம்மதமா? உச்சரிப்பு தடுமாறினாலும் டாக்டரே வாசிக்கட்டும். இன்னும் மூன்று விஷயங்களை முன்னாடியே சொல்லிவிட வேண்டும்: கண் மூடாது, சிறுநீர் போகலாம், ஊசிக்குப் பிறகு ஒன்றிரண்டு பெரிய மூச்சு வரலாம். சொல்லாமல் விட்டால், அந்த மூச்சைப் பார்த்து, "உயிர் இருக்கு, கொன்னுட்டீங்களே" என்று கூச்சல் கிளம்பும், அதுவும் தம்பி தலையில்தான் விழும். பணத்தை முன்னாலேயே வாங்கிவிடுங்கள். அழுகிறவரிடம் பில் நீட்டுகிற வேலையும் அவருக்குத்தானே போகிறது! இரவில் இறந்த செய்தியை அவருடைய சொந்த மொபைலிலிருந்து சொல்ல வைக்காதீர்கள். நம்பர் போய்விட்டால் ஒரு வாரத்துக்கு நள்ளிரவிலும் மணி அடிக்கும்.

இனி அவர் வீட்டுக்குப் போகிறார். "நாய்க்குப் போய் இப்படியா மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கே?" மனிதச் சாவு என்றால் நமக்குத் தீட்டு இருக்கிறது, பதினாறாம் நாள் இருக்கிறது, வீட்டுக்குள் நுழையுமுன் தலைமுழுகுவது இருக்கிறது. நாய்க்கு எதுவும் இல்லை. அதுவும் அடுத்தவர் வீட்டு நாய். ஊர் ஒப்புக்கொள்ளாத இந்த மாதிரித் துக்கத்துக்குக் கென்னத் டோக்கா என்ற அமெரிக்க அறிஞர் 1989-ல் ஒரு பெயரே கொடுத்தார். உரிமை மறுக்கப்பட்ட துக்கம் என்று தமிழில் சொல்லலாம். வெளியே அழ இடமில்லாதது உள்ளே தங்கிவிடும்.

இன்னொன்று இருக்கிறது, அது துக்கமும் இல்லை. பார்வோ என்ற வைரஸ் நோய் வந்த குட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். வாந்தி, ரத்தபேதி, நாலைந்து நாள், சில சமயம் ஒரு வாரம்கூட டிரிப் ஏற்ற வேண்டும். கைவிடாமல் பார்த்தால் பிழைக்கிற குட்டிகள் நிறைய. ஆனால் பணம் இல்லை என்று இரண்டாம் நாளே கொண்டுபோய்விடுகிறார்கள். பிழைத்திருக்கும் என்று தெரிந்தே கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். தனக்குச் சரியென்று பட்டதற்கு எதிராக நடந்துகொள்வதால் வருகிற இந்த அழுத்தத்தை பெர்னார்ட் ராலின் என்ற தத்துவப் பேராசிரியர் 1980-களிலேயே தனியாகப் பிரித்துக் காட்டினார். களைப்பென்றால் ஞாயிற்றுக்கிழமை தூங்கினால் போகும். இது லீவு போட்டாலும் போகாது. பணமில்லாதவரிடம் 'இது முழு வைத்தியம், இது பாதி வைத்தியம், இது வலி தெரியாமல் வைத்திருப்பது' என்று மூன்றையும் விலையோடு எழுதிக் கொடுத்துவிட்டு முடிவை அவரிடம் விட்டால் கொஞ்சம் இறங்கும். கொஞ்சம்தான்.

சரி, ஊசி முடிந்த பிறகு? வர்ஜீனியா பல்கலைக்கழக மருத்துவமனையில் ஒரு செவிலியர் 2009-ல் ஒரு பழக்கத்தைத் தொடங்கினார். நோயாளி இறந்ததும் அறையில் இருப்பவர்கள் எல்லோரும் ஒரு நிமிடம் அப்படியே மௌனமாக நிற்பார்கள். இது நம் மேசைக்கும் பொருந்தும். டாக்டர் துடிப்பைக் கேட்டு உறுதி செய்ததும் நாயின் பெயரைச் சொல்லட்டும். ஒரு நிமிடம் நிற்கட்டும். கறுப்புக் குப்பைப் பை வேண்டாம், பழைய பெட்ஷீட்டில் இரண்டு பேராகச் சுற்றட்டும். பிறகு தம்பி கைகாலைக் கழுவி, மேலுடுப்பை மாற்றட்டும். துக்க வீட்டிலிருந்து வந்தால் குளிக்கிறோமே, அதுதான் இது. கால் மணி நேரம் யாரும் கூப்பிடாதீர்கள். அடுத்து வருகிற தடுப்பூசிக் குட்டியை வேறொருவர் பிடிக்கட்டும்.

கடைசி ஊசியை எந்த நேரத்தில் வைப்பது? கூட்டம் இருக்காது என்று ராத்திரிக் கடைசியில் வைக்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. சிவாஜிநகர் பஸ்ஸில் தம்பி அந்த மனபாரத்தைச் சுமந்துகொண்டு தனியாக வீட்டுக்குப் போக வேண்டியிருக்கிறது. மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் முக்கால் மணி ஒதுக்குங்கள். பிறகு டீ குடிக்கும்போது கேளுங்கள். "எப்படி இருக்கே?" என்றால் "நல்லா இருக்கேன் சார்" என்றுதான் வரும். "இன்னைக்கு எது கஷ்டமா இருந்துச்சு?" என்று கேட்டால் பதில் வரும்.

ஒரு அறிகுறியை மட்டும் தப்பாகப் படித்துவிடாதீர்கள். மென்மையாகக் கையாண்ட ஆள் திடீரென்று கயிற்றை வெடுக்கென்று இழுக்கிறார், கூண்டுக் கதவை அடித்துச் சாத்துகிறார். பெரும்பாலும் அந்த வாரமே வேலையை விட்டுத் தூக்கிவிடுகிறார்கள். அது திமிராகவே இருக்க வேண்டியதில்லை, இரக்கம் வற்றிப்போனதாலும் அப்படி ஆகும். முதலில் பத்து நாள் வரவேற்பு மேசைக்கு மாற்றிப் பாருங்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கையைக் காட்டுகிறார்கள். டாக்டர்களைப் பற்றிச் சொல்ல வைத்திருந்ததெல்லாம் ஒரு நிமிடத்துக்குச் சுருங்கிவிட்டது. அமெரிக்காவில் 1979 முதல் 2015 வரையிலான மரணப் பதிவுகளை ஆராய்ந்தபோது, பொதுமக்களோடு ஒப்பிட்டால் கால்நடை மருத்துவர்களிடையே தற்கொலை பெண்களில் 3.5 மடங்கும் ஆண்களில் 2.1 மடங்கும் இருந்தது. அது அந்த ஊர்க் கணக்கு, அப்படியே இங்கே பொருத்த வேண்டாம். ஆனால் ஒன்றை இன்றே செய்யலாம். ஆபத்தான மருந்து அலமாரிக்கு இரண்டு பூட்டு, இரண்டு பேரிடம் சாவி, பதிவேட்டில் இரண்டு கையெழுத்து. யாரும் தனியாகத் திறக்க முடியக்கூடாது, முதலாளியும்தான்.

தூக்கமின்மையோ சோர்வோ எதிலும் மனம் ஒட்டாமலோ இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் காத்திருக்க வேண்டாம். ஓசூர் ரோட்டில் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை இருக்கிறது. சாகத் தோன்றினால் இரண்டு வாரமெல்லாம் கிடையாது, அந்த நிமிடமே டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண்ணுக்குப் போன் போடுங்கள். 24 மணி நேரமும் உண்டு, காசு கிடையாது, தமிழிலும் பேசலாம். எண் 14416. பேனா எடுக்கப் போனவர்களுக்காக இன்னொரு தடவை: ஒன்று, நான்கு, நான்கு, ஒன்று, ஆறு.