திக்குவாய்க்குக் காதுக் கருவி: வாங்குவதற்கு முன் எங்கே போட்டுப் பார்ப்பது?

[காட்சி: கைபேசித் திரை. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்த வீடியோ ஒன்று ஓடுகிறது. ஒலி இல்லை.]

குரல்: இந்த மாதிரி வீடியோ உங்களுக்கும் வந்திருக்கும். ஒருவர் தன் பெயரையே சொல்ல முடியாமல் தவிக்கிறார். காதில் ஒரு சின்னக் கருவியை மாட்டி, கையில் ஒரு தாளைக் கொடுக்கிறார்கள். கடகடவென்று படிக்கிறார். பக்கத்தில் நிற்கும் அம்மா அழுகிறார். வீடியோவுக்குக் கீழே நியூ ஜெர்சியில் இருக்கும் மாமாவின் செய்தி: "தம்பிக்கு ஒண்ணு வாங்கிட்டு வரட்டுமா?"

அப்படிப்பட்ட வீடியோக்கள் எல்லாம் பொய் என்று நான் சொல்லவில்லை. கருவியைப் போட்டுக்கொண்டு படிக்கும்போது பலருக்கு உண்மையாகவே திக்கல் குறைகிறது. ஆனால் நாம் தவிப்பது அந்த அமைதியான அறையிலா? மருந்துக் கடையில், போனில், நேர்முகத் தேர்வில், பெண் பார்க்கப் போன வீட்டுக் கூடத்தில். அங்கே கருவி என்ன செய்கிறது என்று தெரிந்துகொண்டுதான் மாமாவுக்குப் பதில் போட வேண்டும்.

நானும் திக்குகிறவன்தான். இந்தக் குரல் பதிவில் திக்கிய இடங்களை வெட்டவில்லை, அப்படியே விட்டிருக்கிறேன்.

[காட்சி: அரசுப் பள்ளி வகுப்பறை. பிள்ளைகள் சேர்ந்து வாய்ப்பாடு சொல்கிறார்கள்.]

குரல்: முதலில், இது எப்படி வேலை செய்கிறது? வகுப்பே சேர்ந்து வாய்ப்பாடு சொல்லும்போது திக்குகிற பிள்ளைக்கும் அநேகமாகத் தடுக்காது. ஆசிரியர் வருகைப் பதிவேட்டைத் திறந்ததும், அதே பிள்ளைக்கு "உள்ளேன் ஐயா" தொண்டையிலேயே நின்றுவிடும். கூடவே இன்னொரு குரல் வந்தால் திக்கல் விலகுவது பல காலமாகத் தெரிந்த விஷயம்.

அந்த இன்னொரு குரலை உங்கள் குரலிலிருந்தே உண்டாக்குவதுதான் இந்தக் கருவியின் வேலை. பார்க்கக் காது மிஷின் போலவே இருக்கும். உள்ளே இருக்கும் மைக் நீங்கள் பேசுவதை எடுத்து, ஒரு கணம் தாமதித்து, சுருதியைக் கொஞ்சம் ஏற்றியோ இறக்கியோ திரும்பக் காதுக்குள் விடுகிறது. தாமதம் மிகக் குறைவு. ஒரு வினாடியை ஆயிரம் பங்காக்கினால் அதில் ஐம்பது, அறுபது பங்கு, அதாவது 50, 60 மில்லி வினாடி. உங்களோடு யாரோ சேர்ந்து பேசுவது போலக் கேட்கும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு விஷயம் இருக்கிறது. 1950இல் பெர்னார்ட் லீ என்ற அமெரிக்கர், சரளமாகப் பேசுகிறவர்களுக்கு அவர்கள் குரலையே தாமதமாகத் திருப்பிக் கேட்க வைத்தால் அவர்கள் திக்க ஆரம்பிக்கிறார்கள் என்று எழுதினார். போனில் நம் குரலே எதிரொலிக்கும்போது நாக்கு குழறுமே, அதுதான். அதே தாமதம் திக்குகிறவர்களில் பலருக்குப் பேச்சை இளக்கிவிடுகிறது. 1960களில் இதைச் சிகிச்சைக்குப் பயன்படுத்தினார்கள். அப்போது அது மேசை மேல் வைக்கும் பெரிய இயந்திரம். காதுக்குள் அடங்கும் அளவுக்குச் சுருங்கியது 2000களின் தொடக்கத்தில். ஈஸ்ட் கரோலினா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உருவாக்கிய 'ஸ்பீச்ஈஸி' அப்போது வந்ததுதான். விலை ஆயிரக்கணக்கான டாலர். நம் பணத்தில் லட்சங்கள்.

[காட்சி: திரையில் இரண்டு எண்கள்: 79, 61.]

குரல்: சரி, பலன்? 2008இல் ஆர்ம்சன், கீஃப்ட் என்ற இருவர் 31 பெரியவர்களிடம் ஸ்பீச்ஈஸியைச் சோதித்தார்கள். தாளைப் பார்த்துப் படிக்கும்போது திக்கல் சராசரியாக 79 விழுக்காடு குறைந்தது. சொந்தமாகப் பேசும்போது 61. வாசிப்புக்கும் பேச்சுக்கும் நடுவிலேயே இந்த இடைவெளி. இரண்டும் ஆய்வறைக்குள் எடுத்த அளவுகள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

அடுத்த ஆண்டு வெளிவந்த இன்னொரு ஆய்வில் 11 பேர் சுமார் நான்கு மாதம் கருவியை அன்றாட வாழ்க்கையில் போட்டுக்கொண்டார்கள். மொத்தமாகப் பார்த்தால் திக்கல் குறைந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆனால் ஆளுக்கு ஆள் முடிவு வேறாக இருந்தது. சராசரியைப் பார்த்து "இது ஏமாற்று" என்று ஒதுக்குவதும் தவறு, வீடியோவைப் பார்த்து "இது அதிசயம்" என்று நம்புவதும் தவறு. நீங்கள் எந்தப் பக்கம் என்பது உங்கள் காதில் போட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

[காட்சி: பெரம்பூரில் ஒரு மாடி வீட்டு வாசல். ஓர் இளைஞர் காதில் போனுடன் நிற்கிறார்.]

குரல்: விளம்பரங்களில் அதிகம் பேசப்படாத ஓர் இடத்துக்கு வருகிறேன். பார்சல் கொண்டு வருபவர் கூப்பிடுகிறார்.

"அண்ணா, எந்த ஏரியா?"

நீங்கள் சொல்ல வேண்டியது "பெரம்பூர்". உதடு இரண்டும் ஒட்டிக்கொள்கிறது. 'பெ' வரவில்லை. மூச்சும் நின்றுவிட்டது.

"அண்ணா? ஹலோ? லைன்ல இருக்கீங்களா?"

வைத்துவிடுகிறார்.

இந்த நேரத்தில் கருவி என்ன செய்தது? ஒன்றும் செய்யவில்லை. அதற்குத் திருப்பித் தர உங்கள் குரல் வேண்டும். சத்தமே வராத அடைப்பில் மைக்குக்குப் போய்ச் சேர எதுவும் இல்லை. "பெ-பெ-பெ" என்று வருகிறவருக்கும் "பெ..." என்று இழுக்கிறவருக்கும் குரல் வந்துகொண்டே இருப்பதால் கருவிக்குப் பிடி கிடைக்கிறது. வாய் மூடி அடைத்துக்கொள்கிறவருக்கு அந்தப் பிடி இல்லை. அதனால்தான் கருவியைப் பொருத்துகிற தெரபிஸ்டுகள் "ம்" என்றோ "அ" என்றோ மெல்லத் தொடங்குங்கள், உயிரெழுத்தை நீட்டுங்கள் என்று சொல்லித் தருகிறார்கள். அதாவது கருவி வாங்கினாலும் பயிற்சி தேவை. உங்கள் திக்கல் எந்த வகை என்பதை வீட்டில் ஒருவரோடு பேசி, அதைப் பதிவு செய்து கேட்டாலே பாதி தெரிந்துவிடும்.

[காட்சி: மாலை நேர பனகல் பார்க். ஹாரன் சத்தம், கடை வாசல் மைக், பேருந்தின் விசில்.]

குரல்: அடுத்தது சத்தம். மைக்குக்கு உங்கள் குரல் எது, கண்டக்டர் குரல் எது என்று துல்லியமாகப் பிரிக்கத் தெரியாது. பக்கத்தில் இருப்பவர் பேசுவது, ஆட்டோ ஹாரன், மிக்ஸி என்று எல்லாமே தாமதமாகி, சுருதி மாறி, காதுக்குள் வரும். தி.நகரில் ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்துகொண்டு இதைப் போட்டால் தலைவலிதான் மிஞ்சும் என்பது என் கணிப்பு. அமைதியான அலுவலகத்தில் உட்கார்ந்து வாடிக்கையாளர்களுக்குப் போன் செய்கிறவருக்கு நிலைமையே வேறு. அவருக்கு இது உண்மையிலேயே கைகொடுக்கலாம். அப்புறம் நம் ஊர் வேர்வை. மே மாதத்தில் காதுக்குள் ஒரு மின்னணுப் பொருளை நாள் முழுக்க வைத்திருக்கப் போகிறீர்கள். இரவில் ஈரம் உறிஞ்சும் டப்பாவில் வைக்க வேண்டும், காது அழுக்கைத் துடைக்க வேண்டும். காது மிஷின் போட்டிருக்கும் தாத்தா பாட்டி வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள்.

[காட்சி: மேசை மேல் கைபேசி, வயர் உள்ள சாதாரண இயர்போன்.]

குரல்: லட்சம் செலவழிக்கும் முன்பு கிட்டத்தட்டச் செலவே இல்லாமல் ஒரு சோதனை செய்யலாம். இதே தாமதத்தையும் சுருதி மாற்றத்தையும் தரும் ஆப்கள் இருக்கின்றன. நம் குரலைத் தாமதமாகத் திருப்பிக் கேட்பதற்கான ஆங்கிலச் சுருக்கம் 'டிஏஎஃப்' (DAF), அப்படித் தேடினால் கிடைக்கும். இலவசமாகவும் உண்டு. ஆனால் ப்ளூடூத் இயர்போன் வேண்டாம். ப்ளூடூத் தன் பங்குக்கு நூறு, இருநூறு மில்லி வினாடி தாமதத்தைச் சேர்த்துவிடும். ஆப்பில் 60 என்று வைத்திருப்பீர்கள், காதுக்கு வருவது அதைப் போல் சில மடங்கு. "எனக்கு இது ஒத்துவரல" என்று தப்பான முடிவுக்கு வந்துவிடுவீர்கள். மைக் உள்ள வயர் இயர்போன் போதும். ரிச்சி தெருவில் நூறு, இருநூறு ரூபாய்க்குக் கிடைக்கும்.

முதல் நாள் வாசித்துப் பாருங்கள். அது சூடு பிடிக்க மட்டும், அதை வைத்து முடிவெடுக்காதீர்கள். பிறகு நண்பரோடு பேசுங்கள், உங்கள் பெயரையும் தெருவையும் சொல்லுங்கள். அப்புறம் வெளியே போங்கள். மருந்துக் கடையில் மாத்திரையின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். வழக்கமாகப் பக்கத்தில் இருப்பவரை அனுப்பிவிட்டுத் தப்பிக்கிற வேலையாகப் பார்த்துச் செய்யுங்கள். சில வாரம் தொடருங்கள், ஏனென்றால் முதல் சில நாட்களின் பலன் சிலருக்கு நாளாக ஆக மங்கிவிடுகிறது. ஆப்பும் கருவியும் ஒன்றல்ல என்பது உண்மைதான். ஆனாலும் அந்த ஒலி உங்கள் பேச்சை இளக்குகிறதா, எரிச்சலூட்டுகிறதா என்பது இதிலேயே தெரிந்துவிடும்.

[காட்சி: மருத்துவமனை வளாகம், தூரத்திலிருந்து.]

குரல்: பிறகு ஸ்பீச் தெரபிஸ்டைப் பாருங்கள். சென்னையில் அதற்குப் பஞ்சமில்லை. சென்ட்ரலுக்கு எதிரே ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை இருக்கிறது, போரூரில் ஸ்ரீ ராமச்சந்திரா இருக்கிறது. தனியார் மையத்துக்குப் போனால், அவர் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்தவரா என்று கேளுங்கள். கேட்பதில் தவறே இல்லை. திக்கலை அடியோடு ஒழிக்கிறேன் என்று உத்தரவாதம் தருகிறவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

சின்னப் பிள்ளைகளுக்கு இந்தக் கருவி வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. இரண்டிலிருந்து ஐந்து வயதுக்குள் திக்கத் தொடங்கும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அது நின்றுவிடுகிறது. அந்த வயதில் தேவை ஒரு தெரபிஸ்டும், பேசி முடிக்கும்வரை காத்திருக்கும் வீடும். நாக்கில் வசம்பு தேய்ப்பதாலும் வாயில் கூழாங்கல் போட்டுப் பேச வைப்பதாலும் திக்கல் போகாது. கூழாங்கல்லைப் பிள்ளை விழுங்கிவிடும் ஆபத்து உண்டு.

பெரியவர்களிடம் எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. கருவி வேண்டும் என்பது யாருடைய விருப்பம்? "கல்யாணத்துக்கு முன்னாடி சரியாயிடணும்" என்று வீட்டில் சொல்வதற்காக வாங்கிய கருவி மேசை இழுப்பறையில்தான் கிடக்கும். வேலையில் தினமும் இருபது போன் பேச வேண்டும், ஆப்பில் போட்டுப் பார்த்தேன், நன்றாக இருந்தது என்று நீங்களே சொன்னால் தாராளமாக அடுத்த அடி வையுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கண்ணாடி போடுகிறோம், இதையும் போடலாம். கருவியே வேண்டாம், திக்கிக்கொண்டே பேசுகிறேன் என்று முடிவெடுத்தாலும் அது முழுமையான முடிவுதான். இந்தியத் திக்குவாய்ச் சங்கத்தின் சுய உதவிக் குழுக்களில் அப்படிப் பேசுகிறவர்களைப் பார்க்கலாம். ஒரு கூட்டத்துக்காவது போய்வாருங்கள்.

[காட்சி: மீண்டும் வாட்ஸ்அப் திரை. பதில் தட்டச்சாகிறது.]

குரல்: வாங்குவது என்று முடிவானால் மாமாவின் சூட்கேஸில் வரவழைக்க வேண்டாம். உள்ளே பொருத்தும் வகைக்கு உங்கள் காதின் அச்சு எடுக்க வேண்டும், தாமதத்தையும் சுருதியையும் கணினியில் இணைத்து உங்களுக்கு ஏற்றபடி வைக்க வேண்டும், சில வாரம் கழித்து மாற்றியும் வைக்க வேண்டும். இதையெல்லாம் சென்னையில் யார் செய்வார்? எத்தனை நாள் போட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பித் தரலாம்? அச்சுக்கும் பொருத்தியதற்கும் எவ்வளவு பிடித்துக்கொள்வார்கள்? பழுதானால் எங்கே அனுப்புவது, செலவு யாருடையது? வாய்மொழியாகச் சொன்னால் போதாது, மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள். முன்பணம் அதற்குப் பிறகு கட்டலாம்.