சமரச மேசையில் நீதிபதிக்கு என்ன வேலை?

வழக்கறிஞர் பெருமக்களே, சமரசப் பணிக்கு வந்திருக்கும் ஓய்வுபெற்ற நீதிபதிகளே,

வழக்குகளைச் சமரசத்துக்கு அனுப்ப வழிசெய்யும், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 89-ஆம் பிரிவு 2002 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. 2005 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தில் சமரச மையம் திறந்தார்கள். நீதிமன்றத்தோடு இணைந்த மையங்களில் நாட்டிலேயே அதுதான் முதல். இவ்வளவு காலம் ஆகியும் நீதிபதியாக இருந்தவர் சமரசராக, அதாவது தீர்ப்புச் சொல்லாமல் இரு தரப்பும் பேசி முடிக்க உதவுபவராக, உட்கார்ந்தால் பழைய பழக்கம் தலைகாட்டத்தான் செய்கிறது. பத்து நிமிடம் கேட்டதுமே மனசுக்குள் தீர்ப்பு தயாராகிவிடும். "உங்க கேஸ் நிற்காது" என்று வாய் தவறிச் சொன்னால் போச்சு. ஜெயிப்போம் என்று தெரிந்தவர் இறங்கிவர மாட்டார். மற்றவர் அடுத்த அமர்வுக்கே வரமாட்டார்.

உடன்பிறந்தவர்களின் பாகப்பிரிவினை வழக்கு ஒன்றை வைத்துப் பேசுவோம். முதல் அமர்வில் மூன்று விஷயங்களைச் சொல்லிவிட வேண்டும்: இங்கே பேசுவது நீதிமன்றத்துக்குப் போகாது; நான் எதையும் தீர்மானிக்க மாட்டேன்; பிடிக்காவிட்டால் யாரும் எழுந்து போகலாம். பிறகு கட்சிக்காரர்களே முதலில் பேசட்டும், வழக்கறிஞர்கள் அப்புறம். பிராதில், அதாவது வழக்கு மனுவில், சர்வே எண் இருக்கும். அம்மாவைக் கடைசிவரை யார் பார்த்துக்கொண்டார்கள் என்ற மனத்தாங்கல் இருக்காது. பேச்சு முறிவது பெரும்பாலும் அங்கேதான்.

அடுத்தது தனி அமர்வு. நீதிமன்றத்தில் ஒரு தரப்பைத் தனியாகப் பார்ப்பது தவறு. இங்கே அதுதான் முக்கியமான கருவி. நீதிபதியின் அனுபவம் உதவுவதும் இங்கேதான், அதுவும் கேள்வியாக. "யாருக்கு எவ்வளவு பங்கு என்று சொல்லும் முதல்நிலைத் தீர்ப்பாணை வந்த பிறகு நீதிமன்றம் நியமிக்கும் ஆணையர் அளக்க வேண்டும், இறுதித் தீர்ப்பாணைக்குத் தனி மனு போட வேண்டும், நடுவில் மேல்முறையீடு. அதுவரை அந்த வீட்டை யார் பராமரிப்பது?" கணக்கை அவரே போட்டுக்கொள்ளட்டும். எழுமுன், எதிர்த்தரப்பிடம் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். தொகையை அவசரப்பட்டுக் கொண்டுபோகாதீர்கள்; முதலில் வெளிவரும் தொகை கௌரவப் பிரச்சினையாகிவிடும்.

உடன்பாடு வந்த பின்னும் ஒப்பந்தம் எழுதும்போது கோட்டை விடுகிறார்கள். "விரைவில் செலுத்துவார்" என்று எழுதினால் நாளைக்கு ஒப்பந்தத்தை அமல்படுத்தக் கேட்டுப் போடும் நிறைவேற்று மனுவில் நிற்காது. தேதி, தொகை, செலுத்தும் முறை, தவறினால் வட்டி, சாவியும் மூலப் பத்திரமும் கைமாறும் நாள், எல்லாம் வேண்டும். பங்குள்ள ஒருவர் கையெழுத்துப் போடாவிட்டால் அத்தனை உழைப்பும் வீண். மைனர் இருந்தால் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் ஆணை 32 விதி 7-இன்படி நீதிமன்ற அனுமதி கட்டாயம். வழக்கில் இல்லாத சொத்தையும் சேர்த்துப் பிரித்துக்கொண்டால், அந்தச் சொத்தைப் பொறுத்தவரை சமரசத் தீர்ப்பாணையைப் பதிவு செய்யத் தேவையில்லை என்று பதிவுச் சட்டம் தரும் விலக்கு கிடைக்காது. சொத்து விவரத்தைப் பிராதோடு ஒப்பிட்டு இரண்டு தடவை படியுங்கள்.

நீதிமன்றக் கட்டணம் திரும்பக் கிடைக்கும் என்பதையும் சொல்லுங்கள். தமிழ்நாடு நீதிமன்றக் கட்டணச் சட்டத்தின் 69-அ பிரிவு அதற்குத்தான். வெளியே தாங்களாகவே பேசி முடித்துக்கொண்டவர்களுக்கும் அது பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2021-இல் சொல்லிவிட்டது.

சமரசம் முடியாமல் போனால், நீதிமன்றத்துக்கு அனுப்பும் அறிக்கையில் "சமரசம் ஏற்படவில்லை" என்ற ஒரே வரி போதும். யார் பிடிவாதம் பிடித்தார், யார் எவ்வளவு தர முன்வந்தார் என்று எழுதக் கூடாது. 2010-இலேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது. விளக்கமாக அறிக்கை எழுதிப் பழகிய கைக்கு இந்த ஒரு வரிதான் ரொம்பக் கஷ்டம்.