பக்கத்து வீட்டுக்காரரும் கோட்டைப் பிரபுவும்

நேயர்களுக்கு வணக்கம்.

இரத்தக் காட்டேரி என்றதும் கறுப்பு மேலங்கி, வெளிறிய முகம், மலையுச்சிக் கோட்டை எல்லாம் கண்முன் வந்துவிடும். அவற்றைச் சற்று மறந்துவிட்டு 1725ஆம் ஆண்டுக்கு வாருங்கள். இடம், செர்பியாவில் கிசிலியேவோ என்ற சிற்றூர். ஆஸ்திரியர்கள் துருக்கியரிடமிருந்து அந்தப் பகுதியைப் பெற்றுச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன.

அங்கே பீட்டர் பிளாகோயெவிச் என்ற குடியானவரை அடக்கம் செய்து பத்து வாரங்கள் ஆகியிருந்தன. அந்த நிலையில், எட்டே நாட்களில் ஊரில் ஒன்பது பேர் இறந்தார்கள். தூக்கத்தில் பீட்டர் வந்து மேலே படுத்துக் கழுத்தை நெரித்தார் என்று மரணப் படுக்கையில் சொன்னார்களாம். கல்லறையைத் திறக்க வேண்டும் என்று ஊர் கொதித்தது. ஃபிரோம்பால்ட் என்ற ஆஸ்திரிய அதிகாரி, பெல்கிரேடிலிருந்து அனுமதி வரட்டும் என்றார். அதுவரை இங்கே எவரும் உயிரோடு இருக்கமாட்டோம், ஊரைக் காலி செய்துவிடுவோம் என்றார்கள் மக்கள். வேறு வழியில்லாமல் அவரும் ஒரு பாதிரியாரும் உடன் போனார்கள்.

உடல் அழுகவில்லை. தாடியும் நகமும் வளர்ந்திருந்தன. பழைய தோல் உரிந்து அடியில் புதுத்தோல் தெரிந்தது. வாயில் இரத்தம். கூரான கழியை நெஞ்சில் இறக்கியதும் காதிலும் வாயிலும் இரத்தம் வழிந்தது. பிறகு உடலை எரித்துவிட்டார்கள். இதையெல்லாம் எழுதி அனுப்பிய அதிகாரி, இதில் தவறு ஏதும் இருந்தால் அது என்னுடையதல்ல, பயத்தில் நிலை தடுமாறிய கூட்டத்தினுடையது என்று முடித்திருக்கிறார். எந்த நூற்றாண்டானாலும் அரசு அறிக்கைக்கு ஒரே நடைதான்!

அந்த ஊர்க்காரர்களை மூடர்கள் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் பார்த்தது பொய்யல்ல. மண்ணுக்குள் உடல் ஒரே சீராக அழிவதில்லை. குளிரும் ஈரமும் காற்றோட்டமும் வேகத்தை மாற்றும். வயிற்றில் வாயு சேர்ந்து உடல் பருக்கும். அந்த அழுத்தத்தில் கருஞ்சிவப்புத் திரவம் வாய்வழியாக வெளியேறும். மேல்தோல் கழன்றால் அடியில் சிவந்த தோல் தெரியும். சதை சுருங்கும்போது நகமும் முடியும் நீண்டதுபோல் தோன்றும். கண் சரியாகத்தான் கண்டது; காரணம்தான் தப்பாகப் போயிற்று.

ஒருவர் இறந்ததும் அவரைச் சுற்றியிருந்தவர்கள் ஏன் வரிசையாகச் சாகிறார்கள்? தொற்று என்பதை அறியாத காலத்தில் இந்தக் கேள்விக்குக் கிடைத்த விடைதான் காட்டேரி. 1755இல் ஆஸ்திரியாவை ஆண்ட பேரரசி மரியா தெரேசா தம் மருத்துவர் ஃபான் ஸ்வீட்டனின் அறிக்கையைக் கேட்டு, பிணங்களைத் தோண்டித் தண்டிப்பதைத் தடை செய்தார். ஆனாலும் கேள்வி சாகவில்லை. காசநோய்க் கிருமியை ராபர்ட் கோக் 1882இல் கண்டுபிடித்துப் பத்து ஆண்டுகள் ஆன பிறகு, அமெரிக்காவின் ரோட் தீவு மாநிலத்தில் மெர்சி பிரவுன் என்ற இளம்பெண்ணின் உடலை எடுத்து, இதயத்தை எரித்து, அந்தச் சாம்பலைக் காசநோயால் வாடிய அவள் அண்ணன் எட்வினுக்குக் குடிக்கக் கொடுத்தார்கள். எட்வினும் பிழைக்கவில்லை.

இந்தக் குடியானவக் காட்டேரி எப்போது பிரபுவானது? 1819இல் ஜான் பொலிடோரி எழுதிய கதையில். அவர் கவிஞர் பைரனின் மருத்துவராக இருந்தவர். கதையின் காட்டேரி லண்டன் விருந்துகளில் நடமாடும் கனவான். ஊதிச் சிவந்த முகம் போய் வெளிறிய அழகு வந்தது. 1897இல் பிராம் ஸ்டோக்கர் தம் டிராகுலா நாவலில் அந்தப் பிரபுவுக்குக் கோட்டையும் கொடுத்தார். கண்ணாடியில் உருவம் தெரியாத வித்தையும் அவர் நாவலிலிருந்து பரவியதுதான். கிராமத்தின் பயம் சொந்த வீட்டுக்குள்ளிருந்து வந்தது; நாவலின் பயம் வெளிநாட்டிலிருந்து கப்பலேறி வருகிறது. எனக்கு முதலாவதுதான் அதிகம் நடுக்கம் தருகிறது.

இன்னொன்று. ஸ்டோக்கரின் டிராகுலா லண்டன் தெருவில் பட்டப்பகலில் நடக்கிறார். வெயிலில் அவருடைய ஆற்றல் குறையுமே தவிர உயிர் போகாது. சூரிய ஒளி பட்டுக் காட்டேரி மறைந்துபோவதைக் காட்டியது 1922இல் வந்த ஜெர்மானிய மௌனப் படமான நோஸ்ஃபெராட்டு. அனுமதி வாங்காமல் நாவலைப் படமாக்கியதற்காக ஸ்டோக்கரின் மனைவி வழக்குத் தொடுத்தார். பிரதிகளை அழிக்கும்படி நீதிமன்றம் உத்தரவிட்டது. சில பிரதிகள் தப்பின. அந்தப் படத்தின் முடிவோ பின்னால் வந்த கதைகளுக்கெல்லாம் விதியாகிவிட்டது. பகலில் உலவும் காட்டேரியைப் படைக்கிறவர் இப்போது அதற்கொரு காரணமும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நன்றி, வணக்கம்.