பிளாஸ்டிக் டேங்குக்கு எர்த் எங்கே கொடுப்பது?

வானொலி நேயர்களுக்கு வணக்கம். மதுரையில் இருந்துகொண்டு படகைப் பற்றிப் பேச இவருக்கு என்ன வேலை என்று உங்களில் சிலர் நினைக்கக்கூடும். நம் தெப்பக்குளத்துத் தெப்பத்தைக்கூட வடம் பிடித்துத்தான் இழுக்கிறோம். அதற்கு எஞ்சினும் கிடையாது, எரிபொருளும் கிடையாது. ஆனாலும், பெயரில் மட்டும் கப்பலை வைத்திருக்கும் கப்பலூரில் நான் நடத்திவரும் பட்டறைக்கு மண்டபம், பாம்பன் பக்கத்திலிருந்து படகு எஞ்சின்கள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. சில வேலைகளுக்கு நானே கடற்கரைக்குப் போய்வருகிறேன். அங்கே என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு: படகில் துருப்பிடித்த இரும்புப் பெட்ரோல் டேங்கைக் கழற்றிவிட்டு பிளாஸ்டிக் டேங்க் வைத்தால், அதற்கு எர்த் எங்கே கொடுப்பது?

டேங்குக்குக் கொடுக்கவே முடியாது என்பதுதான் பதில். பாலிஎத்திலீன் மின்சாரத்தைக் கடத்தாத பொருள். அதன்மேல் செம்புக் கம்பியை எத்தனை சுற்றுச் சுற்றினாலும் பயனில்லை. எர்த் கொடுக்க வேண்டியது அந்த டேங்கைச் சார்ந்திருக்கும் உலோகங்களுக்கு, அதாவது எரிபொருள் ஊற்றும் வாய், அளவு காட்டும் மானியின் தலை, உலோகத்தாலான குழாய் இணைப்பு என்று எரிபொருள் படுகிற ஒவ்வொன்றுக்கும்.

பெட்ரோல் ஒரு குழாய்க்குள் ஓடும்போது, சீப்பால் தலை வாரும்போது உண்டாவதைப் போன்ற நிலைமின்சாரம் உண்டாகிறது. வேகமாக ஓடினாலும், உயரத்திலிருந்து சிதறி விழுந்தாலும் அது கூடும். இரும்பு டேங்காக இருந்தால் இந்த மின்னூட்டம் உலோகத்தின் வழியே வடிந்துவிடும். பிளாஸ்டிக் டேங்கிலோ, மேல்தளத்தில் இருக்கும் பித்தளை வாய்க்குக் கீழே ரப்பர் ஹோஸ், சுற்றிலும் ஃபைபர் பலகை, அடியில் பிளாஸ்டிக் என்று எதனோடும் ஒட்டுறவில்லாமல் அந்த வாய் நிற்கிறது. அதில் சேர்ந்த மின்னூட்டம், பெட்ரோல் ஊற்றுகிறவரின் கையிலிருக்கும் இரும்புக் கேன் நெருங்கும்போது பொறியாகப் பாய்கிறது. பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து எழுந்து கதவுப் பிடியைத் தொட்டதும் சுரீர் என்று ஒரு பொறி தட்டுகிறதே, நாம் உணரும் அந்தப் பொறியின் ஆற்றல் ஏறத்தாழ 1 மில்லிஜூல். பெட்ரோல் ஆவி பற்றிக்கொள்ள அதில் கால் பங்கு போதும். அதாவது, கைக்குத் தெரியாத பொறியே தீ வைத்துவிடும். மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சினையும் நாம் பெட்ரோலில்தான் கிளப்புகிறோம் என்பதால், அந்தப் படகுக்காரர்களும் இதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டும்.

வீட்டு எர்த்துக்குக் குழி வெட்டி உப்பும் கரியும் போடுகிறோம். தண்ணீரில் மிதக்கும் படகுக்கு எர்த் ஏது? எஞ்சின் பிளாக்கும் அதனோடு இணைந்த பேட்டரியின் நெகட்டிவ் முனையும்தான் அதற்கு எர்த். ஊற்றும் வாயிலிருந்து பச்சை உறையிட்ட, வெள்ளீயம் பூசிய பலபுரிச் செம்புக் கம்பி ஒன்றை அங்கே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். 10 சதுர மில்லிமீட்டர் கம்பியையே நான் போடுகிறேன். இவ்வளவு சிறிய மின்னோட்டத்துக்கு அது அதிகம்தான். ஆனால் உப்புக்காற்றில் மெல்லிய கம்பி இற்றுப்போய்விடும்.

கம்பியின் நுனியை எங்கே மாட்டுகிறோம் என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். ஒரு படகுக்காரர், "அண்ணே, எர்த்தெல்லாம் முன்னமே குடுத்தாச்சு" என்று மூடியைத் திறந்து காட்டினார். கம்பியின் காப்பை உரித்து, புரிகளை ஹோஸுக்கும் குழாய்க்கும் நடுவே செருகி, மேலே கிளிப்பை முறுக்கியிருந்தார்கள். கிளிப்புக்கு அடியில் விரலை வைத்துப் பார்த்தேன். ஈரம், பெட்ரோல் வாடை. கம்பி படுத்திருந்த பள்ளத்தின் வழியே சொட்டுச் சொட்டாகக் கசிந்துகொண்டிருந்தது. பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது என்பதால், அது மேலே போகாமல் படகின் அடிப்பள்ளத்தில் போய்த் தங்கிவிடும். இப்படிக் கம்பியை ஹோஸுக்கு அடியில் செருகக் கூடாது என்று அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் படகு விதி வெளிப்படையாகவே சொல்கிறது. ஊற்றும் வாயில் இதற்கென்றே ஒரு திருகு இருக்கும். கம்பி நுனியில் லக் எனப்படும் உலோக வளையத்தை அழுத்தி அங்கே மாட்டுவதுதான் முறை.

டேங்கை உட்கார வைப்பதற்கும் ஒரு பக்குவம் வேண்டும். பாலிஎத்திலீன் பெட்ரோலைக் குடித்து ஏறத்தாழ 2 சதவீதம் உப்பும். கணக்குப் போட்டால் அடிக்குக் கால் அங்குலம். டேங்க் அசையக் கூடாது என்று நான்கு பக்கமும் மரச்சக்கை அடித்து இறுக்கியவரின் படகில், ஒரே மாதத்தில் டேங்க் பிதுங்கி, அளவுமானியின் திருகுகள் பிய்ந்துகொண்டு வந்ததைப் பார்த்திருக்கிறேன். அடிப்பக்கம் முழுவதும் சமதளத்தில் படிய வேண்டும். பக்கங்களில் இடைவெளி வேண்டும். மேலே பட்டை வேண்டும், ஆனால் கழுத்தை நெரிக்கிற இறுக்கம் வேண்டாம். ஊற்றும் ஹோஸின் ஒவ்வொரு முனைக்கும் இரண்டு கிளிப்புகள். காற்றுக்குழாய் இடையில் எங்கும் தொங்கிப் பள்ளம் விழாமல் மேல்நோக்கியே போக வேண்டும்.

இதே நிலைமின்சாரத்துக்காகத்தான் இன்னொன்றும் சொல்கிறேன்: கேனில் பெட்ரோல் வாங்குகிறவர்கள், அதை வண்டியில் வைத்தபடியே நிரப்பச் சொல்லாமல் தரையில் இறக்கி வையுங்கள்.

எல்லாம் முடிந்ததும் மல்டிமீட்டரை எடுத்து, முதலில் அதன் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டு, மீட்டர் ஒயருக்கே உரிய மின்தடையைக் குறித்துக்கொள்கிறேன். பிறகு ஒரு முனையை ஊற்றும் வாயிலும் மறு முனையை எஞ்சின் பிளாக்கிலும் வைத்து, வரும் எண்ணிலிருந்து அதைக் கழித்துக்கொள்கிறேன். மேற்சொன்ன அமெரிக்க விதி கேட்பது 100 ஓமுக்குக் கீழே; நான் 1 ஓமுக்கு மேல் வந்தால் விடுவதில்லை. அந்த எண்ணையும் தேதியையும் டேங்கின் மேலேயே மார்க்கரால் எழுதிவைத்துவிடுவேன். 0.3 என்று நான் எழுதிவைத்த ஒரு படகில், மறு வருடம் மீட்டர் 40 காட்டியது. நட்டைக் கழற்றிப் பார்த்தால் வாஷருக்கு அடியில் பச்சைக் களிம்பு. உப்புத்தாளால் தேய்த்து, மீண்டும் முறுக்கி, கிரீஸ் தடவியதும் பழைய எண்ணுக்கே வந்துவிட்டது. ஐந்து நிமிட வேலை.