இடித்துரை என்னும் சொல்

அவையோர்க்கு வணக்கம். இன்று நான் எடுத்துக்கொண்டிருப்பது ஒரே ஒரு சொல்: இடித்துரை. அறிவுரை, ஆலோசனை, புத்திமதி, உபதேசம் என்று நாம் வழங்கும் சொற்கள் எதிலும் வலி தெரிவதில்லை. கேட்பவருக்கு வலிக்கும் என்பதைத் தன் பெயரிலேயே சொல்லிவிடுவது இடித்துரைதான்.

வானம் இடிப்பதும், சுவர் இடிவதும், ஊறவைத்த அரிசியை உரலில் இடிப்பதும் ஒரே அடிச்சொல்லின் வழிவந்தவை. இவற்றுள் அறிவுரைக்கு மிக நெருங்கியது உரல் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஓர் உலக்கைப் போட்டில் அரிசி மாவாகிவிடாது; இடித்து, சலித்து, சல்லடையில் தங்கிய கப்பியை மறுபடியும் உரலில் இட்டு இடிக்க வேண்டும். நெல்லைக் குத்துவதும் பேச்சுக்குள் வந்திருக்கிறது என்றாலும், குத்தல் பேச்சை எவரும் அறிவுரைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

'இடிப்பாரை இல்லாத ஏமரா மன்னன் கெடுப்பா ரிலானுங் கெடும்' என்பது 448ஆம் குறள். பெரியாரைத் துணைக்கோடல் என்னும் அதிகாரத்தில் அது வருகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். முந்தைய குறள் இப்படி இடித்துரைப்பவர்களை 'இடிக்குந் துணையார்' என்கிறது; நட்பு அதிகாரமோ, நண்பன் எல்லை மீறும்போது முற்பட்டுச் சென்று இடிப்பதற்கே நட்பு என்கிறது. ஆக, இடிக்கும் உரிமை அருகில் நிற்பவருக்கு உரியது. மேடையில் எதிரணியினரைச் சாடியவரை 'இடித்துரைத்தார்' என்று இன்று செய்தியில் எழுதுகிறோமே, அங்கே சொல்லின் ஓசை இருக்கிறது, உறவு இல்லை.

அந்த உறவைக் குறுந்தொகையின் 58ஆம் பாடல் விளியிலேயே வைத்திருக்கிறது. காதல் நோயுற்ற தலைவனை அவன் தோழனான பாங்கன் கடிந்துகொள்கிறான். தலைவன் சினக்காமல், 'இடிக்கும் கேளிர்' என்று அவனை அழைத்து, என் நோயை உங்களால் நிறுத்த முடிந்தால் நன்றுதான் என்கிறான். அடுத்து, அந்த நோய் பரவுவதற்கு உவமையாக, பாடலை இயற்றிய வெள்ளிவீதியார் ஒரு காட்சியைக் காட்டுகிறார்: வெயில் காயும் வெம்பாறையில் வெண்ணெய் உருகிப் பரவுகிறது. காவல் இருப்பவனுக்குக் கைகள் இல்லை, எடுக்க முடியாது. ஊமன், கூவி அழைக்கவும் முடியாது. கண்ணால் பார்த்துக்கொண்டே இருக்கிறான்.