கீனை எப்படி இருக்கும்?

நேயர்களுக்கு வணக்கம்.

டாக்டர் சூஸ் பாணியில் தமிழில் வேடிக்கைப் பாட்டு எழுத வருமா என்று நிலையத்தார் கேட்டார்கள். வரும் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் நான் எத்தனை முறை எழுதிக் கிழித்துப் போட்டிருக்கிறேன் என்பது நினைவுக்கு வந்தது. சரி, கிழித்ததிலிருந்தே தொடங்கலாம்.

முதலில் ஆள் யார் என்று சொல்லிவிடுகிறேன். ஆங்கிலத்தில் குழந்தைகளுக்கு வேடிக்கைப் பாட்டாகவே கதை எழுதியவர். இயற்பெயர் தியோடர் சூஸ் கைசல். 1904இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஸ்பிரிங்ஃபீல்டில் பிறந்தவர். சூஸ் என்பது அவருடைய அம்மா பிறந்த வீட்டுப் பெயர். குடும்பத்தில் அதை உச்சரித்த விதமே வேறு. 'வாய்ஸ்' என்பதோடு ஒலி சேரும்படி 'சாய்ஸ்' என்பார்கள். வாழ்நாளெல்லாம் ஒலிக்கு ஒலி பொருத்தியவரின் பெயரையே உலகம் வேறு ஒலியில் சொல்லிக்கொண்டிருக்கிறது! டாக்டர் பட்டமும் அவரே முன்னால் ஒட்டிக்கொண்டதுதான். ஆக்ஸ்ஃபோர்டுக்குப் படிக்கப் போய், முடிக்காமல் திரும்பியவர்.

1936இல் ஐரோப்பாவிலிருந்து கப்பலில் ஊர் திரும்புகிறார். இயந்திரத்தின் தாளம் காதுக்குள் புகுந்துவிட்டது. இரண்டு சின்னத் தட்டு, ஒரு பெரிய தட்டு. கரை இறங்கிய பிறகும் அது விடவில்லை. அந்தத் தாளத்தில் எழுதியதுதான் 1937இல் வந்த அவருடைய முதல் குழந்தைகள் நூல். அதற்கு முன் இருபதுக்கும் மேற்பட்ட பதிப்பகங்கள் அதைத் திருப்பி அனுப்பியிருந்தன. பின்னால் பல நூல்களில் அவருக்குக் கைகொடுத்ததும் இதே நடைதான்.

இனி என் தோல்விக்கு வருகிறேன். அவர் பாட்டைக் கேட்டவர்களுக்குத் தெரியும், அடியின் கடைசிச் சொல்லில்தான் வித்தை. முதல் அடி ஒரு சொல்லில் முடியும். அடுத்த அடி எதில் முடியப்போகிறது என்று காது காத்திருக்கும். அவர் நாம் நினைக்காத ஒன்றைக் கொண்டுவந்து வைப்பார். நானும் அப்படியே எழுதினேன். கேளுங்கள்:

நரியார் வந்தார், நாலடி நடந்தார்,
குழியில் விழுந்தார், குய்யோ என்றார்.

வந்தார், நடந்தார், விழுந்தார், என்றார். ஒலி பிரமாதமாகப் பொருந்துகிறது. ஆனால் ஒருவரும் சிரிக்கவில்லை. ஏன் என்று எனக்குப் புரிய நாளாயிற்று. தமிழில் வினைமுற்று வாக்கியத்தின் கடைசியில் வந்து உட்காரும், அதன் விகுதி தானாகவே ஒத்துப்போகும். இலவசமாகக் கிடைக்கிற இயைபில் என்ன ஆச்சரியம் இருக்க முடியும்? ஆங்கிலத்தில் தேடி அலைந்து பிடிக்கவேண்டியது நமக்கு வாசலிலேயே கொட்டிக்கிடக்கிறது.

நாம் தேடி அலையவேண்டிய இடம் அடியின் தலை. அதாவது எதுகை. இரண்டாம் எழுத்து ஒன்றிவர வேண்டும், முதல் எழுத்தின் அளவும் ஒக்க வேண்டும், பொருளும் கதைக்குள் நிற்க வேண்டும். வியர்த்துவிடும். அந்த வியர்வைதான் பாட்டில் வேடிக்கையாக மாறுகிறது என்பது என் அனுபவம். 'கரடி' என்று தொடங்கிவிட்டால் அடுத்த அடி 'பரண்', 'இரவு', 'முரசு', 'குரங்கு' என்று எதையாவது இழுத்து வந்தே ஆகவேண்டும். கரடிக்கும் பரணுக்கும் என்ன உறவு? ஓர் உறவும் கிடையாது. எதுகை அவர்களைச் சேர்த்து வைக்கிறது. இனி அவர்களுக்குள் என்ன நடக்கும் என்று பார்ப்பதுதான் நம் வேலை.

தாளத்துக்கு நான் எங்கும் போகவில்லை. பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த வாய்பாடு ஒன்று இருக்கிறது: புளிமா. பு, ளி இரண்டும் குறில், மா நெடில். இரண்டு சின்னது, ஒரு பெரியது. தொடையில் தட்டிச் சொல்லிப் பாருங்கள்: புளிமா புளிமா புளிமா புளிமா. அந்தக் கப்பல் இயந்திரம் ஓடுகிறதா இல்லையா? ஆங்கிலத்தில் அழுத்தத்தால் அளக்கிறார்கள், நாம் மாத்திரையால் அளக்கிறோம், கணக்கு வேறுதான். சீரின் கடைசி எழுத்து நமக்குக் குறிலாகவும் வரலாம், வாய் கொஞ்சம் நீட்டிக்கொள்ளும். ஓட்டம் ஒன்றுதான்.

நாலு புளிமா கொண்ட அடியில் நான் எழுதிய முதல் பாட்டு இது:

கரடி ஒருநாள் பரணில் படுத்து
இரவு முழுதும் குறட்டை விடவே
குரங்கு வெளியே குடையைத் திறந்து
வரட்டும் மழையும் எனநின் றதுவே.

குறட்டையை இடி என்று நினைத்துக்கொண்டு குரங்கு குடை பிடிக்கிறது. கதை தேறிவிட்டது, ஆனால் பாட்டு நொண்டுகிறது. எங்கே என்று கண்டுபிடிக்க உரக்கப் படிக்கவேண்டும். மனத்துக்குள் படித்தால் எல்லாப் பாட்டும் நல்ல பாட்டுதான். 'விடவே', 'றதுவே' என்று இரண்டு இடத்தில் ஓர் ஏகாரம் வந்து நிற்கிறதே, அதற்கு அங்கே வேலையே கிடையாது. இலக்கணத்தில் அசைநிலை என்று மரியாதையாகச் சொல்வார்கள். உண்மையில் அது பள்ளத்தில் போட்ட மண். பெரியவர்கள் சகித்துக்கொள்வார்கள், குழந்தை அந்த இடத்தில் வேறு பக்கம் பார்க்கும்.

'குறட்டை விடவே' என்பதை 'குறட்டை முழங்க' என்று மாற்றினேன். சீர் அதே புளிமா. ஆனால் முழங்குவது இடியின் வேலை அல்லவா? குரங்கு ஏன் ஏமாந்தது என்பதை அந்த ஒரு சொல் சொல்லிவிடுகிறது. கடைசி அடியில் 'நின்றது' என்று நான் வர்ணித்துக்கொண்டிருந்தேன். அதை விட்டுக் குரங்கையே பேசச் சொன்னேன்.

கரடி ஒருநாள் பரணில் படுத்து
இரவு முழுதும் குறட்டை முழங்க
குரங்கு வெளியே குடையைத் திறந்து,
"வரட்டும் மழையும், வரட்டும், அடடா!"

அடடா என்பதும் புளிமாதான். அது கிடைத்த அன்று எனக்கு இருந்த சந்தோஷத்தை வீட்டில் யாரிடமும் விளக்க முடியவில்லை.

சூஸின் பாட்டைப் பிள்ளை விளையாட்டு என்று நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு சொல்கிறேன். பள்ளிப் பாடநூல்கள் சலிப்பூட்டுகின்றன, அதனால்தான் குழந்தைகள் படிப்பதில்லை என்று 1950களில் அமெரிக்காவில் ஒரு பேச்சு எழுந்தது. ஆரம்ப வகுப்புச் சொற்பட்டியல் ஒன்றைக் கொடுத்து, இதற்குள் ஒரு கதை எழுதுங்கள் என்று ஒரு பதிப்பாளர் சூஸிடம் கேட்டார். திணறித் திணறி எழுதியதுதான் 1957இல் வந்த 'தி கேட் இன் தி ஹேட்'. மொத்தம் 236 வெவ்வேறு சொற்கள். பட்டியலில் ஒலி ஒத்த இரண்டு சொல் முதலில் எது கண்ணில் படுகிறதோ அதுவே தலைப்பு என்று முடிவு செய்தாராம்; பூனையும் தொப்பியும் மாட்டின. பிறகு, வெறும் 50 சொல்லில் எழுத உன்னால் முடியாது என்று அவருடைய பதிப்பாளர் பென்னட் செர்ஃப் 50 டாலர் பந்தயம் கட்டினார். 1960இல் 'கிரீன் எக்ஸ் அண்ட் ஹாம்' வந்தது. சரியாக 50 சொற்கள். அதில் 49 ஓரசைச் சொற்கள். பந்தயப் பணம் கைக்கு வரவே இல்லை என்று சூஸ் சொல்லிக்கொண்டிருந்தார்.

நானும் 50 சொல்லில் முயன்றேன். முதல் நாளே தகராறு. குடை, குடையை, குடையால், குடைக்குள் என்பது ஒரு சொல்லா, நாலு சொல்லா? எனக்கு நானே நடுவராக இருந்ததால் ஒரு சொல் என்றே தீர்ப்பு வழங்கினேன். இருந்தும் தோற்றேன்.

அவர் இல்லாத விலங்குகளுக்குப் பெயர் வைப்பதில் மன்னர். நமக்கு அந்தச் சிரமமே வேண்டாம். யானை கீனை வந்துவிடப்போகிறது என்கிறோம். பாம்பு கீம்பு இருக்கும், பார்த்துப் போ என்கிறோம். வாயைத் திறந்தால் இல்லாத பிராணி ஒன்று பிறக்கிறது. அவ்வளவையும் பெற்றுப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விடுகிறோம். அக்கா மகள் ஒருநாள் கேட்டாள்: "மாமா, யானை தெரியும். கீனை எப்படி இருக்கும்?" இத்தனை வருஷம் தமிழ் பேசியும் எனக்கு அந்தக் கேள்வி தோன்றவில்லை.

அவளுக்காக எழுதியது இது. கீனை பெரிய உடம்புக்காரர் என்று தோன்றியதால் புளிமாவை விட்டுக் கொஞ்சம் கனத்த நடை:

யானை வந்தது, கீனை வந்தது,
யானையைக் கண்டோம், கீனையைக் காணோம்.
பானை நிறையப் பாலும் வைத்தோம்,
யானை முறைக்குது, பானை காலி!

பாலைக் கீனை குடித்தது என்று நான் எழுதவில்லை. முதலில் எழுதியிருந்தேன், பிறகு அடித்தேன். யானை முறைப்பதைப் பார்த்துக் குழந்தை தானே கண்டுபிடித்தால்தான் சிரிப்பு அதனுடையது. 'முறைக்குது' என்ற பேச்சு வழக்கை 'முறைக்கிறது' என்று திருத்தச் சொன்ன நண்பர் உண்டு. அவர் சொன்னபடி வாசித்துப் பாருங்கள், யானை பள்ளிக்கூட வாத்தியாராகிவிடும்.

ஒரு விஷயம், சுருக்கமாக. சூஸின் நூல்களில் 6 நூல்களை, வேற்று இனத்தவரைப் புண்படும்படி காட்டியதற்காக, அவர் படைப்புகளை நிர்வகிக்கும் நிறுவனமே 2021இல் அச்சிடுவதை நிறுத்திக்கொண்டது. அந்த முடிவு சரி என்பதே என் எண்ணம். கரடியைக் கேலி செய்யலாம், குரங்கை ஏமாற்றலாம், கீனையை என்ன வேண்டுமானாலும் செய்யலாம். அடுத்த தெருக்காரன் முகத்தை வைத்துச் சிரிக்கக் கற்றுக்கொடுப்பது வேறு விவகாரம்.

கரடிப் பாட்டையும் அக்கா மகளுக்குப் படித்துக் காட்டினேன். குறட்டைக்குச் சிரித்தாள், 'அடடா'வை மூன்று முறை சொல்லச் சொன்னாள். அப்புறம் விசாரணை ஆரம்பமாயிற்று. "கரடி ஏன் பரணில் படுத்தது?"

எதுகைக்காக என்றேன்.

"எதுகைன்னா யாரு?"

விளக்கிப் பார்த்தேன். இரண்டாம் எழுத்து, கரடி, பரண் என்று ஏதேதோ சொன்னேன். அவள் காதில் வாங்கவே இல்லை. கொஞ்ச நேரம் பரணையும் தரையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, எனக்குப் புரியும்படி மெதுவாகச் சொன்னாள்: "கீழே கீனை படுத்திருக்கு மாமா. அதான்."